பல்லுக்கு இங்கே வேலை இல்லை

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில் டிரில் மாஸ்டர் தன் பனியனுக்குள் மாட்டிக்கொண்டார்.

தலை உள்ளே போய்விட்டது. இடது கை வெளியே வந்துவிட்டது. வலது கை மட்டும் விலாவுக்கும் காதுக்கும் நடுவே நின்றுகொண்டு, மேலேயும் போகமாட்டேன், கீழேயும் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. முகத்தைப் பனியன் மூடியிருந்ததால், கதவு என்று நினைத்து அலமாரியைத் திறந்தார். மேல்தட்டில் இருந்த போர்வைகள் எல்லாம் தலைமேல் வந்து உட்கார்ந்தன.

சத்தம் கேட்டு மனைவி வந்தாள்.

"என்னங்க, முகத்தை மூடிக்கிட்டு அலமாரியக் கொடையறீங்க? நம்ம வீட்லயே திருடறீங்களா?"

"தோளு புடிச்சுக்கிச்சு. சத்தம் போடாம கையை இழு."

"எந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கம் வருதோ அந்தப் பக்கம்."

எந்தப் பக்கமும் வரவில்லை. கடைசியில் கத்தரிக்கோல்தான் வந்தது. வெளியே வந்த மாஸ்டர், வலித்த தோளைப் பார்க்காமல் வெட்டுப்பட்ட பனியனைத்தான் பார்த்தார். புதுப் பனியன்.

"டாக்டர்கிட்டப் போகலாமா?" என்றாள் மனைவி.

"ஊருக்கே தெரிஞ்சுடும். பேசாம இரு."

அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் அவருக்கு 'இரும்பு' என்று பெயர். வாலிபத்தில் பளு தூக்கி வாங்கிய கோப்பையோடு அவர் நிற்கும் படம் இன்னும் வராந்தாவில் தொங்குகிறது. அந்தப் பெயரைப் பிள்ளைகள் அவர் முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். அதனாலேயே அவர் அடிக்கடி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்.

அந்த இரும்பு கொஞ்ச நாளாகத் துருப்பிடித்திருந்தது. வலது கை நெஞ்சுக்கு மேல் எழும்பவில்லை. "கைகளை உயர்த்து" என்று அவர் கத்தினால், மைதானம் முழுக்கக் கைகள் உயரும். மாஸ்டர் புருவத்தை மட்டும் உயர்த்துவார்.

புதிதாக வந்திருந்த ஹெச்.எம். அம்மா இதைக் கவனித்துவிட்டதாக ஒரு பேச்சு அடிபட்டது. பள்ளிக்கூட லைப்ரரியில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. நடமாட்டம் குறைந்த ஒரு ஆளை அதில் உட்கார வைக்க அந்த அம்மா தேடிக்கொண்டிருந்தார். மாஸ்டர் கடைசியாக லைப்ரரிக்குள் போனது, ஜன்னல் வழியாக உள்ளே விழுந்த பந்தை எடுக்க. விசில் இல்லாமல், வெயில் இல்லாமல், யாரையும் ஓடச் சொல்லாமல் ஒரு நாற்காலியில் உட்காருவதை நினைத்தால் அவருக்கு இன்னொரு தோளும் பிடித்துக்கொள்ளும்போல் இருந்தது.

"சைக்கிள் கடை மாடியில ஒரு அம்மா வகுப்பு எடுக்குறாங்க" என்றாள் மனைவி. "மருந்தும் இல்ல, ஊசியும் இல்ல. தோளு, முதுகெலும்பு ரெண்டையும் மெதுவா அவுத்து விடுவாங்களாம்."

"அவுத்து விட நான் என்ன மாடா?"

"மாடா இருந்தா பனியன் போட்டிருக்க மாட்டீங்க."

அன்று மாலையே போனார்.

மாடியில் பலகைத் தரை. பாய் விரித்து ஏழெட்டுப் பேர் மல்லாந்து கிடந்தார்கள். நடுவில் ஒரு அம்மா சம்மணமிட்டு உட்கார்ந்து, தூங்குகிற பூனைக்கு ரகசியம் சொல்கிற குரலில் பேசிக்கொண்டிருந்தார். மாஸ்டர் மனதுக்குள் அவருக்கு மெதுவம்மா என்று பெயர் வைத்தார். பெயர் வைப்பது பள்ளிக்கூடத்துப் பழக்கம்.

"படுங்க. கண்ணை மூடுங்க. வலது தோளைக் காதுப் பக்கமா நகர்த்தலாமான்னு யோசிங்க."

"யோசிச்சிட்டேன்" என்றார் மாஸ்டர், வகுப்பில் முதலாவதாக வருகிற உற்சாகத்தில்.

"நல்லது. இப்ப ஒரு எறும்பு நகர்ற அளவுக்கு நகர்த்துங்க."

மாஸ்டருக்கு எறும்பு அளவு தெரியாது. மூச்சை அடக்கி, முழு பலத்தையும் கூட்டி ஒரு நகர்த்து நகர்த்தினார். பலகை அதிர்ந்தது. "மேல யாரு விழுந்தது?" என்று கீழே சைக்கிள் கடைக்காரர் குரல் கொடுத்தார்.

மெதுவம்மா எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சார், நான் தோளைத்தான் நகர்த்தச் சொன்னேன். உங்க பல்லு எதுக்கு இந்த வேலைல சேருது?"

அப்போதுதான் தான் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது மாஸ்டருக்கே தெரிந்தது.

"பல்லுக்கு இங்க வேலை இல்ல. அதைப் போகச் சொல்லுங்க."

பல்லை விட்டார். கால் கட்டைவிரல் மடங்கியிருந்தது, அதை விட்டார். புருவம் சுருங்கியிருந்தது, அதையும் விட்டார். ஒரு தோளைத் தூக்க ஒரு ஊரே திரண்டு வந்திருந்தது. ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பிய பிறகு, தோள் தன்னந்தனியாக ஒரு நூல் நகர்ந்தது. வலிக்கவில்லை.

"வலி வர்ற எடத்துக்கு முன்னாடியே நின்னுடுங்க" என்றார் மெதுவம்மா. "அங்கேயே கொஞ்சம் இருங்க. இன்னும் குறைவா. இன்னும் கொஞ்சம் குறைவா."

வாழ்நாள் முழுக்க "இன்னும் கொஞ்சம் அதிகமா" என்று கத்தியே தொண்டை கட்டியவர் மாஸ்டர். அன்று வகுப்பு முடிந்து படியிறங்கும்போது, ஏதோ தப்புக் காரியம் செய்துவிட்டு வருகிறவர்போல் இருபுறமும் பார்த்துக்கொண்டே இறங்கினார். ஆனால் மறுநாளும் போனார்.

சிக்கல் பாயில் ஆரம்பித்தது.

மற்றவர்கள் பாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். இரும்பு மாஸ்டர் பாயும் கையுமாகத் தெருவில் போக முடியுமா? பாயைச் சுருட்டி, பழைய பேப்பரால் சுற்றி, கயிற்றால் கட்டி, பள்ளிக்கூடத்தின் பின்வாசல் வழியாக நழுவினார். பின்வாசலில் டிராயிங் வாத்தியார் நின்றிருந்தார். நல்ல மனிதர். அவர் காதில் போட்ட செய்தி, மணி அடிப்பதற்குள் எல்லா வகுப்புக்கும் போய்ச் சேர்ந்துவிடும். அது ஒன்றுதான் குறை.

"அது என்ன மாஸ்டர், உருட்டிக் கட்டியிருக்கு?"

"இரும்புக் கம்பி."

"இவ்வளவு தடிமனா?"

"பளு தூக்குற கம்பி. மறுபடியும் ஆரம்பிச்சிருக்கேன்."

"அதை இப்படிக் கக்கத்துல வெச்சுக்கிட்டு நிக்கிறீங்க?"

"பழக்கம்" என்றார் மாஸ்டர்.

மறுநாள் காலையில் ஹெச்.எம். அம்மா அழைத்தனுப்பினார். முகம் மலர்ந்திருந்தது.

"உங்களைத் தப்பா நெனச்சுட்டேன் மாஸ்டர். கையைத் தூக்கவே முடியலையோன்னு, லைப்ரரிக்கு ஆர்டர்கூட டைப் அடிச்சு வெச்சிருந்தேன். நீங்க என்னடான்னா பளு தூக்குறீங்களாமே."

"ஏதோ, லேசா..."

"பளுவுல லேசு ஏது? ஆண்டு விழாவுக்குக் கல்வி அதிகாரி வர்றாரு. நீங்க மேடைல தூக்கிக் காட்டணும்."

"தூக்கினா?" என்றார் மாஸ்டர்.

"மைதானம் உங்களோடது. நான் இங்க இருக்குற வரைக்கும் அதைப் பத்திப் பேசவே மாட்டேன்."

"ஒருவேளை அன்னைக்கு முடியலைன்னா?"

"லைப்ரரில ஃபேன் புதுசா மாட்டியிருக்கோம்."

தப்பிக்க ஒரே வழிதான் மாஸ்டருக்குத் தோன்றியது. முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டார்.

"செய்யலாம் மேடம். ஆனா நம்ம ஸ்டோர்ல கெடக்குற பளு எனக்குப் பத்தாது. அதைத் தூக்கினா எனக்கும் அசிங்கம், ஸ்கூலுக்கும் அசிங்கம். அதனால அடுத்த வருஷம் பாத்துக்கலாமே."

"அவ்வளவுதானே?" என்று ஹெச்.எம். அம்மா போனை எடுத்தார்.

சாயங்காலம், தெருமுனை ஜிம்மிலிருந்து இரண்டு பெரிய இரும்புத் தட்டுகள் வண்டியில் வந்து இறங்கின. வாட்ச்மேன் அவற்றை ஒவ்வொன்றாக ஸ்டோர் ரூமுக்கு உருட்டிக்கொண்டு போனார். உருண்ட வழியெல்லாம் தரையில் கோடு விழுந்தது.

"உங்களுக்குன்னே கேட்டு வாங்கியிருக்காங்க சார்" என்றார் வாட்ச்மேன் பக்தியோடு.

மாஸ்டருக்கு இரவெல்லாம் தூக்கம் வரவில்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் உண்மை வேறு. மெதுவம்மா சொல்லிக்கொடுத்தபடி முதுகெலும்பை ஒவ்வொரு எலும்பாகப் படுக்கையில் இறக்கி வைத்தார்; பாதி வழியிலேயே தூங்கிப்போனார். கவலைப்படக்கூட முடியவில்லையே என்று காலையில்தான் கவலைப்பட்டார்.

வகுப்பு அதுபாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. தோள்பட்டை எலும்பு, எண்ணெய் போட்ட மேஜை டிராயர்போல உள்ளே போய் வெளியே வரப் பழகியது. ஒருநாள் மாலை, வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் முதுகின் நடுவில் அரித்தது. அந்த இடத்துக்கு அவர் கை போய் வெகுகாலம் ஆகிவிட்டது. வழக்கமாகக் கதவு நிலையில்தான் தேய்த்துக்கொள்வார். அன்று பேப்பர் படித்துக்கொண்டே யோசிக்காமல் கையைக் கொண்டுபோனார். கை போய்ச் சேர்ந்தது. சொறிந்தது.

"அப்பாடா" என்று அவர் விட்ட சத்தத்தில் மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள்.

"என்ன ஆச்சு?"

"எட்டிடுச்சு" என்றார் மாஸ்டர். கண் கலங்கியிருந்தது. "இன்னும் கொஞ்சம் இடது பக்கம் இருக்கு. அதுக்கும் போறேன், பேசாம இரு."

முதுகைச் சொறிவது வேறு, பளுவைத் தூக்குவது வேறு. அது அவருக்கும் தெரிந்தது. விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது டிராயிங் வாத்தியாரைத் தனியாக அழைத்துக்கொண்டுபோய், பாயிலிருந்து பனியன்வரை எல்லாவற்றையும் கொட்டினார்.

டிராயிங் வாத்தியார் நெகிழ்ந்துபோனார். "எல்லாம் என் வாயால வந்தது. நானே சரி பண்ணிடறேன். அட்டையில ஒரு பளு செஞ்சு கருப்பு பெயிண்ட் அடிச்சுடறேன். துருகூடப் போட்டுத் தர்றேன்."

"இதையாவது வெளிய சொல்லாம இருப்பீங்களா?"

"என்ன மாஸ்டர், நானா சொல்லுவேன்?" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

சொன்னபடி செய்தார். மறுநாள் டிராயிங் அறை மேஜைமேல் இருந்ததைப் பார்த்து மாஸ்டரே ஒரு நிமிஷம் மலைத்துவிட்டார். துரு இருந்தது, கீறல் இருந்தது, தட்டில் எடைகூடப் பொறித்திருந்தது. அந்த நேரம் பார்த்து யாரோ ஃபேனைப் போட்டார்கள். பளு மேஜையிலிருந்து இறங்கி, அறையைக் கடந்து, வாசல்வரை போய் நின்றது.

"மண்ணு போடணும்" என்றார் மாஸ்டர்.

"எவ்வளவு?"

"பார்க்கறவங்களுக்குக் கனமாத் தெரியணும். தூக்கறவனுக்குத் தெரியக் கூடாது."

"படத்துல அப்படிக் காட்டலாம். மண்ணுல எப்படிக் காட்டறது?"

"ஏதோ பாத்துப் போடுங்க. கொஞ்சம் தூக்கிப் பாத்துடறேன்."

"தொடாதீங்க, பெயிண்ட் காயல. மண்ணு போட்டு, காயவெச்சு, நாளைக்கு நானே மேடையில கொண்டுவந்து வெச்சுடறேன். நீங்க வந்து தூக்கினாப் போதும்."

அட்டையைத் தூக்கினால் மட்டும் போதாது, கனமான பொருளைத் தூக்குகிறவன்போல நடிக்கவும் வேண்டுமே. அன்றிரவு மாஸ்டர் கண்ணாடி முன்னால் நின்று முகத்தைச் சுளித்து, பல்லை நறநறவென்று கடித்து ஒத்திகை பார்த்தார்.

"பல் வலியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள் மனைவி.

ஆண்டு விழா. பந்தல் நிறைந்திருந்தது. "இப்போது நமது இரும்பு..." என்று சொல்ல வாயெடுத்த அறிவிப்பாளர், சமாளித்துக்கொண்டு, "நமது உடற்பயிற்சி ஆசிரியர்" என்றார். திரை விலகியது. மேடை நடுவில் பளு கருகருவென்று உட்கார்ந்திருந்தது. டிராயிங் வாத்தியாரின் கைவண்ணத்தை மாஸ்டர் மனதுக்குள் மெச்சிக்கொண்டார். நேற்றைவிட இன்று இன்னும் அச்சு அசலாக இருந்தது.

முதல் வரிசையில் கல்வி அதிகாரி. பக்கத்தில் ஹெச்.எம். அம்மா. இரண்டாவது வரிசையில் மனைவி. மனைவிக்குப் பக்கத்தில் மெதுவம்மா. இவரை யார் கூப்பிட்டது என்று மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். மனைவி பெருமையாகத் தலையாட்டினாள்.

மேடையின் ஓரத்தில், திரைக்குப் பின்னால் மூச்சிரைக்க ஓடி வந்து நின்ற டிராயிங் வாத்தியார், இரண்டு கைகளையும் தலைக்கு மேல் வீசி வீசி ஆட்டினார். வாய் திறந்து திறந்து மூடியது. கைதட்டலில் ஒன்றும் கேட்கவில்லை. உற்சாகப்படுத்துகிறார், பாவம், என்று மாஸ்டர் அவரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

குனிந்தார். கம்பியைப் பிடித்தார். ஒத்திகை பார்த்தபடி முகத்தைச் சுளித்து, பல்லைக் கடித்தார்.

இரண்டாவது வரிசையில் மெதுவம்மா தன் தாடையை ஒரு விரலால் லேசாகத் தொட்டார்.

அவ்வளவுதான். பல் தானாக விட்டுப்போனது. பல் போனதும் புருவம் போனது. புருவம் போனதும் கால் விரல்கள் விரிந்து பலகையில் படிந்தன. நடிப்பு மறந்துவிட்டது. மூச்சு மெதுவாக வெளியே போனது. அது போன வழியிலேயே முதுகெலும்பு நீண்டது. பளு தரையை விட்டுக் கிளம்பி நெஞ்சுக்கு வந்து நின்றது.

மண் கொஞ்சம் அதிகம்தான், என்று நினைத்துக்கொண்டார் மாஸ்டர். இந்த மனுஷருக்கு எதிலும் அளவு தெரியாது. பேச்சிலும் தெரியாது, மண்ணிலும் தெரியாது. வலி வருகிற இடத்துக்கு முன்னாலேயே நின்று கொஞ்ச நேரம் இருந்தார். வலி வருவதாகத் தெரியவில்லை. சரி, இன்னும் குறைவாக முயற்சி செய்வோம் என்று முடிவு செய்தார். குறைத்தார். தோள்பட்டை எலும்பு டிராயர்போல் வழுக்கிக்கொண்டு போனது. இரண்டு கைகளும் தலைக்கு மேலே போய் நிமிர்ந்தன.

பந்தல் கூரை பிய்த்துக்கொண்டு போவதுபோல் கைதட்டல். "இரும்பு, இரும்பு" என்று பிள்ளைகள் முதல் தடவையாக அவர் முகத்துக்கு நேராகவே கத்தினார்கள். கல்வி அதிகாரி எழுந்து நின்றார். தூக்கியது தூக்கியாகிவிட்டது, வகுப்பில் செய்வதுபோல் இடுப்பையும் ஒரு முறை திருப்பிவிடலாம் என்று மாஸ்டர் பளுவோடு மெதுவாக வலப்பக்கம் திரும்பினார். மெதுவாக இடப்பக்கம் திரும்பினார். இடப்பக்கம் நின்றிருந்த டிராயிங் வாத்தியார் சரிந்து தரையில் உட்கார்ந்தார்.

இறக்குவதுதான் மாஸ்டருக்குப் பயமாக இருந்தது. அட்டை. உள்ளே மண். தொப்பென்று போட்டால் அடி கிழிந்து, மேடையெல்லாம் கொட்டி, ஹெச்.எம். அம்மா கண் முன்னாலேயே மானம் போய்விடும். தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல, ஒரு சின்னச் சத்தம்கூட வராமல் இறக்கி வைத்தார்.

"தூக்கறது என்னங்க, நிறைய பேரு தூக்குவாங்க" என்று கல்வி அதிகாரி ஹெச்.எம். அம்மாவிடம் சொன்னது மேடைக்கே கேட்டது. "வெக்கிறாரு பாருங்க."

திரை மூடியது. மாஸ்டர் பின்பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். உடம்பு முழுக்க லேசாகிவிட்டது. நெஞ்சில் மட்டும் ஒரு சின்ன முள்.

ஹெச்.எம். அம்மா வந்து, கையிலிருந்த லைப்ரரி ஆர்டரை நான்காகக் கிழித்தார். "மைதானம் உங்களோடது மாஸ்டர். லைப்ரரிக்கு டிராயிங் வாத்தியாரைப் போடலாம்னு பாக்குறேன். வேடிக்கை பாத்ததுக்கே மயக்கம் போட்டு விழுந்துட்டாரு."

அவர் போனதும் மனைவியும் மெதுவம்மாவும் வந்தார்கள்.

"நல்லா செஞ்சீங்க" என்றார் மெதுவம்மா, அதே பூனைக் குரலில்.

மாஸ்டருக்கு அவரிடம் மட்டும் பொய் வரவில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அம்மா, அது அட்டை. உள்ள கொஞ்சம் மண்ணு, அவ்வளவுதான்."

"இருக்கட்டும். எதைத் தூக்கினாலும் இப்படித்தான் தூக்கணும்."

"ஏமாத்திட்டீங்களா?" என்றாள் மனைவி.

"தோளு சரியாயிடுச்சுல்ல, அது நெஜம்" என்று மாஸ்டர் வலது கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகைச் சொறிந்து காட்டினார். மனைவி சிரித்துவிட்டாள். அவருக்கும் சிரிப்பு வந்தது.

அப்போது வாட்ச்மேன் இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து, நண்டுபோல நடந்து வந்தார்.

"என்ன ஆச்சுப்பா?" என்றார் மாஸ்டர்.

"நல்ல நேரத்துல பாத்தேன் சார், இல்லைன்னா இன்னைக்கு உங்க மானம் போயிருக்கும். எவனோ வெளையாட்டுக்கு அட்டையில ஒண்ணு செஞ்சு மேடையில வெச்சுட்டுப் போயிருந்தான், தொட்டதும் அடி பிஞ்சு மண்ணாக் கொட்டுச்சு. தூக்கிக் குப்பையில போட்டுட்டு, ஸ்டோர்ல இருந்த நெஜத்தைக் கொண்டாந்து வெச்சோம். நாலு பேரு சேந்து தூக்கினதுல, நாலு பேருக்குமே முதுகு புடிச்சுக்கிச்சு சார்."